கழுத்து நெறிகட்டி பயாப்சி: ஜீன் பேனல் 'டிஎன்ஏ தரம் போதவில்லை' என்று திரும்பி வந்துவிட்டது

வைகைக்கரை எழுதியது:

அப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சில மாதங்களாகக் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது. ராத்திரியில் பனியன் நனையும் அளவுக்கு வேர்வை, உடம்பில் அங்கங்கே தடிப்பு. கழுத்துக் கட்டியிலிருந்து ஊசி வழியாக நூல் மாதிரி மெல்லிய துண்டுகள் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'டி-செல் லிம்போமா, ஆஞ்சியோஇம்யூனோபிளாஸ்டிக் வகையாக இருக்கலாம், மரபணுப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்க்கவும்' என்று இருந்தது. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி-செல்லில் வரும் நிணநீர்ப் புற்றுநோய் அது என்றார்கள். துண்டுகளை மெழுகில் பதித்து வைத்த பிளாக்கை ஜீன் பேனலுக்கு (பல மரபணுக்களில் மாற்றம் உண்டா என்று ஒரே நேரத்தில் பார்க்கும் சோதனை) அனுப்பினோம். டிஎன்ஏ தரம் போதவில்லை என்று திருப்பிவிட்டார்கள். அப்புறம் இடுப்பெலும்பில் எடுத்த மஜ்ஜை பிளாக்கை அனுப்பினோம். அதற்கும் அதே பதில்.

இப்போது டாக்டர் ஒரு கட்டியை முழுதாக அறுத்து எடுக்கலாம் என்கிறார். அப்பாவோ 'இருக்கிறதை வைத்துப் பார்க்கச் சொல்லு' என்கிறார். ஸ்லைடில் கேன்சர் தெரிகிறது, கலர் டெஸ்ட்டெல்லாம் சரியாக வந்திருக்கிறது. அதே துண்டில் டிஎன்ஏ மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்? மறுபடியும் அறுப்பது உண்மையிலேயே தேவையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாரஃபின்பெட்டி எழுதியது:

நான் ஹிஸ்டோபதாலஜி லேபில் டெக்னீஷியன். பிளாக் போடுவது, சீவுவது, ஸ்டெயின் செய்வது எல்லாம் என் வேலை. அதனால் உங்கள் கேள்விக்கு என் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று கோத்து அப்படியே நிறுத்தி வைக்கும். அதனால்தான் செல்லின் உருவம் கெடாமல் இருக்கிறது. கலர் டெஸ்ட் என்று நீங்கள் சொல்லும் ஐஹெச்சியில் ஆன்டிபாடி போய்ப் பிடித்துக்கொள்ளப் புரதத்தில் ஒரு சின்னப் பகுதி மிஞ்சியிருந்தால் போதும். டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் சீக்வென்ஸிங்குக்கு அது போதாது. டிஎன்ஏ இழை ஓரளவு நீளமாக, அறுபடாமல் இருக்க வேண்டும். ஃபார்மலின் அதையும் புரதத்தோடு கோத்துவிடும். பிரித்தெடுக்கும்போது துண்டு துண்டாகத்தான் வரும். ஸ்லைடு அழகாக இருந்து டிஎன்ஏ பாழாகியிருப்பது அடிக்கடி நடப்பதுதான்.

அதிலும் ஃபார்மலின் எப்படிப்பட்டது என்பது முக்கியம். அமிலத்தன்மை ஏறாமல் காக்கும் பஃபர் கலந்த 10 சதவீத ஃபார்மலினாக இருக்க வேண்டும். பஃபர் இல்லாதது நாள்பட நாள்பட அமிலமாகி டிஎன்ஏவை அரித்துவிடும். திசுவின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு திரவம் வேண்டும். ஃபார்மலின் மெதுவாகத்தான் ஊறும், மணிக்கு ஒரு மில்லிமீட்டர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். முழு நிணநீர்க் கணுவை வெட்டாமல் அப்படியே போட்டால், மேலே உறை வேறு இருப்பதால், ஓரம் மட்டும் பதமாகி நடுப்பகுதி அழுகத் தொடங்கிவிடும். அதற்காக ஊறட்டும் என்று நாள்கணக்கில் விட்டுவைப்பதும் தப்பு. ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாமல் என்று மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு கணக்கு உண்டு. மற்ற திசுக்களுக்கும் பலர் அதையே வைத்துக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்த துண்டு, நடுவில் ஒரு லீவும் வந்தால், அந்தக் கணக்கைத் தாண்டிவிடும்.

மஜ்ஜை பிளாக் ஏன் போனது என்பதைப் பார்க்காமலே ஊகிக்கலாம். எலும்பைச் சீவ வேண்டுமானால் முதலில் கால்சியத்தை எடுத்தாக வேண்டும். சீக்கிரம் முடிய வேண்டும் என்று நைட்ரிக் அல்லது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் டிஎன்ஏ மிஞ்சாது. கால்சியத்தை மெதுவாக இழுக்கும் இடிடிஏ என்ற ரசாயனத்தில் போட்டால் நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் டிஎன்ஏ பிழைக்கும். எதில் போட்டார்கள் என்று கேளுங்கள். அமிலம் என்றால் அந்த பிளாக்கை இன்னொரு லேபுக்கு அனுப்பிப் பணத்தை விட வேண்டாம்.

இன்னொன்று, மெல்லிய துண்டுகள் என்றீர்கள். லிம்போமாவுக்கு சிடி3, சிடி20, சிடி10, பிடி1, சிடி21 என்று ஆன்டிபாடி வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீவல். முதல் சுற்று முடிந்து, டாக்டர் யோசித்து, இரண்டாவது சுற்று கேட்கும்போது பிளாக்கை மறுபடி சீவும் கருவியான மைக்ரோடோமில் மாட்டி முகத்தைச் சமன் செய்ய வேண்டும். அதிலேயே நல்ல திசு கொஞ்சம் வீணாகும். கடைசியில் ஜீன் பேனலுக்குப் போகும் பிளாக்கில் மெழுகுதான் அதிகம் இருக்கும். சின்ன பயாப்சி என்றால் முதல் முறை சீவும்போதே மரபணுப் பரிசோதனைக்கென்று ஸ்டெயின் செய்யாத ஸ்லைடுகளைச் சீவி எடுத்து வைக்க வேண்டும். இது எல்லா லேபிலும் வழக்கமாக வேண்டும் என்பது என் ஆசை.


தரவுத்தறி எழுதியது:

நான் சீக்வென்ஸிங் தரவைப் பகுப்பாய்வு செய்பவன். மறுபடி அறுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'தரம் போதவில்லை' என்று எந்தக் கட்டத்தில் சொன்னார்கள்? டிஎன்ஏ அளவு பார்த்தபோதா, சீக்வென்ஸிங்குக்கு ஏற்றபடி டிஎன்ஏவைத் தயார் செய்யும் லைப்ரரி கட்டத்திலா, சீக்வென்ஸ் செய்து முடித்த பிறகா?

அளவை நானோடிராப் என்ற கருவியில் மட்டும் பார்த்திருந்தால் அதை நம்ப வேண்டாம். உடைந்த டிஎன்ஏ, ஆர்என்ஏ எல்லாவற்றையும் அது சேர்த்து எண்ணிவிடும். கியூபிட் என்ற கருவி இரட்டை இழையை மட்டும் அளக்கும். அதிலும் எத்தனை இழை பிசிஆரில் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) பெருகும் என்பது தெரியாது.

ஒரு கணக்கு சொல்கிறேன். 10 நானோகிராம் டிஎன்ஏ என்றால் ஏறக்குறைய 3,000 மரபணுத்தொகுப்புப் பிரதிகள். ஃபார்மலின் அடித்ததில் பத்தில் ஒன்றுதான் பெருகும் நிலையில் இருக்கிறது என்று வையுங்கள், கையில் இருப்பது 300. அந்தத் துண்டில் கேன்சர் செல் 10 சதவீதம், மாற்றம் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் என்றால் 5 சதவீதம், அதாவது 15 பிரதிகள். கண்டுபிடித்துவிடலாம். கேன்சர் செல் 2 சதவீதம் என்றால் மூன்றே மூன்று பிரதிகள். எத்தனை ஆயிரம் தடவை ஆழமாகப் படித்தாலும் அந்த மூன்றையேதான் திரும்பத் திரும்பப் படிப்பீர்கள்.

அதே சமயம், ஃபார்மலின் திசு என்றாலே முடியாது என்பதும் சரியல்ல. டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளில் சி எனப்படும் சைட்டோசின் சிதைந்து யுராசில் ஆகி, படிக்கும்போது சி இருந்த இடத்தில் டி என்று பொய்யாகத் தெரிவதுதான் பெரிய தொல்லை. யுடிஜி நொதி போட்டு அந்த யுராசிலை முன்கூட்டியே நீக்கிவிடலாம். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி பார்கோடு ஒட்டினால் எது உண்மையான பிரதி, எது பிசிஆர் நகல் என்று பிரித்துப் பார்க்கலாம். குறுகிய துண்டுகளுக்கென்று வடிவமைத்த பேனல்களும் இருக்கின்றன. வேறொரு லேபில் முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து.


நிணக்கணு எழுதியது:

> வேறொரு லேபில் முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து.

இதில் எனக்கு உடன்பாடில்லை. நான் லிம்போமா பார்க்கும் பதாலஜிஸ்ட். தரவுத்தறி சொன்ன நுட்பங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் நுரையீரல், குடல் புற்றுநோய்க்குப் பொருந்துவது லிம்போமாவுக்கு அப்படியே பொருந்தாது.

முதல் காரணம் செல்களின் விகிதம். மற்ற புற்றுநோய்களில் கட்டியின் பெரும்பகுதி கேன்சர் செல்லாக இருக்கும் இடத்தைச் சுரண்டி எடுக்கலாம். ஆஞ்சியோஇம்யூனோபிளாஸ்டிக் வகையில் கேன்சர் செல்கள் சிறுபான்மை. சுற்றிலும் சாதாரண லிம்ஃபோசைட், பிளாஸ்மா செல், ஈசினோஃபில், ரத்தக்குழாய் என்று ஒரு கூட்டமே இருக்கும். எந்த இடத்தைச் சுரண்டினாலும் கலவைதான் கிடைக்கும். ஹாட்ஜ்கின் லிம்போமா இதைவிட மோசம், அதன் கேன்சர் செல்லான ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்கள் பல நேரம் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. அந்த செல் பி-செல் என்ற இன்னொரு வகை லிம்ஃபோசைட்டிலிருந்து வந்தது என்பதை நிரூபிக்கவே 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ரால்ஃப் குப்பர்ஸ், கிளாஸ் ராயெவ்ஸ்கி குழுவினர் சீவலிலிருந்து செல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துத்தான் அதைக் காட்டினார்கள்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஃபார்மலின் செய்யும் கோளாறும் லிம்ஃபோசைட் தன் இயல்பிலேயே செய்யும் வேலையும் ஒரே வேதியியல். பி-செல்லில் ஏஐடி என்ற நொதி, ஆன்டிபாடி மரபணுக்களைத் திருத்துவதற்காகச் சைட்டோசினை யுராசிலாக மாற்றுகிறது. அது குறி தப்பி மற்ற மரபணுக்களிலும் கை வைப்பதால்தான் பல லிம்போமாக்கள் உருவாகின்றன. ஆக, சி டியாக மாறியிருந்தால் அது ஃபார்மலின் போட்ட பொய்யா, நோயின் உண்மையான தடயமா? மாற்றம் உள்ள பிரதிகளின் விகிதம் 30 சதவீதம் இருந்தால் சந்தேகமே வராது. 2 சதவீதத்தில் இருந்தால் பொய்களைக் களையும் கணினி வடிகட்டியை இறுக்கினாலும் தப்பு, தளர்த்தினாலும் தப்பு.

இந்த இழையில் பேசும் நோய் டி-செல்லைச் சேர்ந்தது, அங்கே ஏஐடி பிரச்சினை இல்லை. ஆனால் எதைத் தேடுகிறோம் என்று பாருங்கள். ஆர்எச்ஓஏ மரபணுவில் ஜி17வி என்ற மாற்றம் இந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் இருக்கும். 2014இல் ஒரே சமயத்தில் பல குழுக்கள் கண்டுபிடித்தது அது. அதன் விகிதம் பெரும்பாலும் குறைவாகவே வரும். ஐடிஎச்2 மரபணுவின் ஆர்172கே என்பது ஜி இருந்த இடத்தில் ஏ வருவது. எதிர் இழையில் பார்த்தால் அதுவும் சி டியாவதுதான், அதாவது ஃபார்மலின் கோளாறின் அதே அச்சு.

ரிப்போர்ட்டில் 'மாற்றம் எதுவும் கண்டறியப்படவில்லை' என்று வருவதைவிட 'தரம் போதவில்லை' என்று வந்தது எவ்வளவோ நல்லது. முதல் லேப் நேர்மையாக நடந்திருக்கிறது. இரண்டாவது லேப் எப்படியோ ஓட்டி 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தால், அதைப் பார்த்து யாராவது நோயின் வகையையே மாற்றி முடிவு செய்துவிடக்கூடும். அதுதான் எனக்குப் பயம்.

வைகைக்கரை, ஒரு கேள்வி. தடிப்புக்கு ஏதாவது மாத்திரை கொடுத்தார்களா?


தரவுத்தறி எழுதியது:

டாக்டர், மாற்றம் ஒரே இடத்தில் அடிக்கடி வரும் ஹாட்ஸ்பாட்டில் நீங்கள் சொல்லும் ஆபத்து குறைவு. ஐடிஎச்2, ஆர்எச்ஓஏ போன்ற தெரிந்த இடங்களை வடிகட்டி தூக்கிவிடாதபடி தனிப் பட்டியலில் வைத்திருப்போம். மாட்டிக்கொள்வது டெட்2 மரபணு. அதற்கு ஹாட்ஸ்பாட் என்று ஒன்று கிடையாது, மரபணு முழுக்கச் சிதறிக் கிடக்கும். அதில் அடிக்கடி வருவது சிஜிஏ என்ற குறி டிஜிஏ ஆகிப் புரதம் பாதியில் நின்றுபோவது. அந்தச் சி மெத்தில் ஒட்டிய சைட்டோசினாக இருந்தால் சிதையும்போது நேராகத் தைமின் (டி) ஆகிவிடும், யுராசில் ஆகாது. யுடிஜியால் அதைத் தொடவே முடியாது. அந்த வகையில் நீங்கள் சொன்னது சரி, அதை நான் மறுக்கவில்லை.


வைகைக்கரை எழுதியது:

ஆமாம் டாக்டர். ஒவ்வாமை என்று நினைத்து இங்கே ஒருவர் பிரெட்னிசோலோன் கொடுத்தார். கட்டி கொஞ்சம் வற்றியது, வேர்வையும் குறைந்தது. அந்த மாத்திரை ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஊசி பயாப்சி எடுத்தார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?


நிணக்கணு எழுதியது:

உண்டு. ஸ்டீராய்டு லிம்ஃபோசைட்டுகளைக் கொல்லும். மூளையில் வரும் லிம்போமாவில் டெக்சாமெத்தசோன் கொடுத்ததும் கட்டி ஸ்கேனிலிருந்தே மறைந்து, பயாப்சியில் ஒன்றும் கிடைக்காமல் போவது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கழுத்துக் கணுவிலும் அதேதான், ஏற்கெனவே சிறுபான்மையாக இருக்கும் கேன்சர் செல் இன்னும் குறைந்துவிடும். நெறிகட்டி என்றதும் டிபி மாத்திரையோ ஸ்டீராய்டோ கொடுத்துப் பார்ப்பது நம் ஊரில் நிறைய நடக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ஆனால் எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு மில்லிகிராம் என்று எழுதி அறுவை செய்பவரிடமும் பதாலஜிஸ்ட்டிடமும் கொடுங்கள்.


வடகடல் எழுதியது:

இங்கிலாந்தில் மூலக்கூறு ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். இதே விவாதம் இங்கே நாடு முழுக்க நடந்தது. 2012இல் அறிவித்த ஒரு லட்சம் மரபணுத்தொகுப்புத் திட்டத்தில் புற்றுநோய்க்காரர்களின் டிஎன்ஏவையும் முழுதாகப் படிக்க முடிவு செய்தார்கள். மருத்துவமனைகளில் இருந்ததெல்லாம் ஃபார்மலின் பிளாக்குகள். முன்னோட்டமாக அவற்றைப் படித்துப் பார்த்தபோது, சில பகுதிகள் திரும்பத் திரும்பப் படிக்கப்பட்டன, ஏ-டி அதிகமுள்ள பகுதிகள் காணாமல் போயின, வெவ்வேறு இடத்துத் துண்டுகள் ஒட்டிக்கொண்டு இல்லாத இடமாற்றங்களைக் காட்டின. கடைசியில் திட்டத்தையே உறைய வைத்த புதுத் திசுவுக்கு மாற்றினார்கள்.

கேட்க எளிதாக இருக்கும். நடைமுறையில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து பதாலஜி வரை எல்லோரும் பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. திசுவை உடனே ஃபார்மலினில் போடாமல் குளிரில் வைத்துக் கொண்டுவர ஆள் வேண்டும், வந்ததும் வெட்டி ஒரு துண்டை உறைய வைக்கப் பதாலஜிஸ்ட் இருக்க வேண்டும். சில இடங்களில் காற்றை உறிஞ்சிய உறையில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். 2018 டிசம்பரில் ஒரு லட்சம் எண்ணிக்கையைத் தொட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தத் திட்டம் விட்டுச்சென்ற பெரிய சொத்து இந்தப் பழக்க மாற்றம்தான்.

உங்கள் அப்பாவுக்குத் தேவைப்படுவது முழுத் தொகுப்பு அல்ல, பேனல் போதும். அதனால் அவ்வளவு கறார் தேவையில்லை. ஆனால் டி-செல் ரிசெப்டர் குளோனாலிட்டி டெஸ்ட்டும் (டி-செல்கள் ஒரே செல்லின் வாரிசுகளா, அதாவது குளோனா என்று பார்ப்பது) செய்வார்கள், அதிலும் இதே சிக்கல் உண்டு. 2003இல் வெளியான பயோமெட்-2 முறையில் 100, 200, 300, 400, 600 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளத்தில் கட்டுப்பாட்டுத் துண்டுகள் உண்டு. உங்கள் டிஎன்ஏ எந்தப் படி வரை ஏறுகிறது என்று அதில் தெரிந்துவிடும். 200க்கு மேல் ஏறவில்லை என்றால் 300க்கு மேல் நீளம் வேண்டிய சோதனைகளில் 'குளோன் இல்லை' என்று வருவதற்கு மதிப்பே கிடையாது. துண்டு மிகச் சின்னதாக இருந்தால் தலைகீழாகவும் நடக்கும். பத்திருபது டி-செல்தான் இருக்கிறது என்றால் அவையே தனித்தனிச் சிகரமாக எழும்பிக் குளோன் போலத் தோன்றும். அதனால்தான் ஒரே டிஎன்ஏவை இரண்டு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறோம்.


ஆவணிமாலை எழுதியது:

என் தங்கைக்கு ஹாட்ஜ்கின். எல்லாவற்றுக்கும் ரத்தத்திலேயே டிஎன்ஏ பார்க்கலாம் என்கிறார்களே, இவருடைய அப்பாவுக்கும் அப்படிச் செய்துவிட்டால் அறுக்கவே வேண்டாமே?


தரவுத்தறி எழுதியது:

ஹாட்ஜ்கினில் ரத்தத்தில் மிதக்கும் கேன்சர் டிஎன்ஏ சில சமயம் கட்டியைவிட நல்ல தகவல் தருகிறது, ஏனென்றால் கட்டியில் கேன்சர் செல் அவ்வளவு குறைவு. ஆனால் அங்கேயும் ரத்தம் எடுத்த விதம் முக்கியம். சாதாரண இடிடிஏ குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளை அணுக்கள் உடைந்து தங்கள் டிஎன்ஏவைக் கொட்டிவிடும், தேடுவது அதில் மூழ்கிவிடும். கூரியரில் வேறு ஊருக்குப் போக வேண்டுமானால் செல்லை உடையாமல் பிடித்து வைக்கும் தனிக் குழாய் வேண்டும். ஹெப்பாரின் குழாய் கூடவே கூடாது, அது பிசிஆரையே நிறுத்திவிடும்.

முதல் முறை நோயை உறுதி செய்யும்போது திசுவுக்குப் பதிலாக ரத்தத்தை வைத்துக்கொள்ள முடியாது. கணுவின் அமைப்பைப் பார்த்தால்தான் லிம்போமாவின் வகை தெரியும். இவருடைய அப்பாவின் நோயில் இன்னொரு குழப்பமும் உண்டு, அதை டாக்டர் சொன்னால் பொருத்தமாக இருக்கும்.


கத்திமுனை எழுதியது:

நான் பொது அறுவை சிகிச்சையில் முதுநிலைப் பயிற்சி மருத்துவர். தியேட்டரில் என்ன நடக்கிறது என்று சொன்னால் அப்பாவுக்கும் தைரியம் வரும். மேலாக இருக்கும் ஒரு நிணநீர்க் கணுவை எடுப்பது பெரிய ஆபரேஷன் அல்ல, பல நேரம் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடுவோம். 2014இல் வெளியான லுகானோ என்ற சர்வதேசப் பரிந்துரையும் லிம்போமாவுக்கு முதல் தேர்வாகக் கணுவை முழுதாக எடுப்பதைத்தான் சொல்கிறது.

எந்தக் கணு என்பதை முன்னாலேயே பேசிவிடுங்கள். கைக்கு எளிதாகச் சிக்குவதை எடுக்காமல், பெட் ஸ்கேனில் நன்றாக ஒளிரும் கணுவை எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பு மடிப்பில் உள்ளதைக் கூடுமானவரை தவிர்ப்போம், அங்கே சாதாரணமாகவே தழும்பேறிய கணுக்கள் இருக்கும். நசுக்காமல் எடுக்க வேண்டும், ஃபோர்செப்ஸில் அழுத்திப் பிடித்தால் லிம்ஃபோசைட்டுகள் இழுபட்டுச் சிதைந்துவிடும். எடுத்ததை உலர்ந்த காஸில் சுற்றி வைக்கக் கூடாது. சலைனில் போட்டு மணிக்கணக்கில் விடவும் கூடாது. காலை நேரத்தில், வார நடுவில் வைக்கச் சொல்லுங்கள். பதாலஜி லேபுக்கு முதல் நாளே போன் செய்து 'லிம்போமா சந்தேகம், புதுத் திசுவாகக் கொண்டு வருகிறோம்' என்று சொல்லிவிட்டால் அவர்கள் தயாராக இருப்பார்கள். வந்ததும் மெல்லிய தகடுகளாக வெட்டி, ஒரு பகுதி ஃபார்மலினுக்கு, ஒரு பகுதி செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்காக ஆர்பிஎம்ஐ என்ற செல் வளர்ப்புத் திரவத்துக்கு, வசதி இருந்தால் ஒன்றை உறைய வைக்க என்று பங்கு போட்டுவிடுவார்கள்.


வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மஜ்ஜை பிளாக்கை அமிலத்தில்தான் போட்டிருக்கிறார்கள், பாரஃபின்பெட்டி சொன்னதுதான். கழுத்து பிளாக்கில் திசு அநேகமாகத் தீர்ந்துவிட்டது. அப்பாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். 300 பிரதி, மூன்று பிரதி என்ற கணக்கைக் கேட்டதும் 'சரி, எடுக்கச் சொல்லு' என்றார். அக்குளில் ஒரு கணுவை முழுதாக எடுத்தார்கள். லேப் ஆளே தியேட்டர் வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போனார்.

பேனல் ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆர்எச்ஓஏ ஜி17வி 9 சதவீதம், ஐடிஎச்2 ஆர்172கே 8 சதவீதம், டெட்2வில் இரண்டு மாற்றங்கள், இரண்டும் 30ஐ ஒட்டி. பதாலஜிஸ்ட் ஆஞ்சியோஇம்யூனோபிளாஸ்டிக் என்று உறுதி செய்துவிட்டார். ஒரே கட்டியில் டெட்2 மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்? இதிலும் ஏதாவது கோளாறா?


நிணக்கணு எழுதியது:

கோளாறு இல்லை, தரவுத்தறி குறிப்பிட்ட குழப்பம் இதுதான். டெட்2, டிஎன்எம்டி3ஏ மரபணுக்களின் மாற்றங்கள் பல நேரம் நோய் வருவதற்கு வெகுகாலம் முன்பே எலும்பு மஜ்ஜையின் மூல செல்லில் உண்டாகிவிடும். அதிலிருந்து பிறக்கும் கேன்சர் டி-செல்லிலும் அவை இருக்கும், கேன்சர் அல்லாத பி-செல், மோனோசைட் போன்றவற்றிலும் இருக்கும். ஆர்எச்ஓஏவும் ஐடிஎச்2வும் பின்னால், கேன்சர் டி-செல்லில் வருபவை. அதனால் 9 சதவீதம் என்பதைக் கொண்டு கேன்சர் செல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். 30 என்பது கணுவுக்குள் இருக்கும் மற்ற ரத்த செல்களையும் சேர்த்துக் காட்டுகிறது. ரத்தத்தில் பார்த்தாலும் டெட்2 தெரிய வாய்ப்பு அதிகம். சிகிச்சைக்குப் பிறகு ரத்தத்தில் டெட்2 இன்னும் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று பதறக் கூடாது. அதற்காகவே இந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இந்த விகிதங்களை இவ்வளவு நம்பிக்கையோடு ஒப்பிட்டுப் பேச முடிகிறதே, அது திசு நன்றாக இருந்ததால்தான். பழைய பிளாக்கில் 9க்கும் 30க்கும் உள்ள வித்தியாசத்தை நான் நம்பியிருக்க மாட்டேன்.


வைகைக்கரை எழுதியது:

இப்போது புரிகிறது டாக்டர். அடுத்த வாரம் சிகிச்சை தொடங்குகிறது. கடைசியாக ஒன்று, புது பிளாக்கை நாங்களே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?


பாரஃபின்பெட்டி எழுதியது:

லேபிலேயே இருப்பது நல்லது, தேவைப்படும்போது எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது கருத்துக்காக வெளியே எடுத்தால் வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். நிறுத்தி வைத்த காருக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும். பின்னால் உதவும் என்று இப்போதே ஸ்லைடு சீவி வாங்கி வைக்க வேண்டாம். சீவிய திசு பிளாக்கில் இருப்பதைவிடச் சீக்கிரம் கெடும். கேட்கும்போது சீவி, உடனே அனுப்பச் சொல்லுங்கள். பிளாக் நம்பரையும், பதப்படுத்திய தேதியையும், எத்தனை மணி நேரம் ஃபார்மலினில் இருந்தது என்பதையும் ரிப்போர்ட் நகலின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த லேப் முதலில் கேட்பது அதைத்தான்.